உச்சஸ்தாயியில் ஒரு வரி

ஜனவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

நான் இங்கே சுகம், இருமல்கூட இல்லை. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது, அண்ணா எப்படி இருக்கிறார்?

பியானோ வந்து இறங்கிய கதையை அண்ணா சொல்லியிருக்கமாட்டார், அதனால் நான் சொல்கிறேன். மாடிப்படி வளைவில் அது திரும்பவே இல்லை. கடைசியில் ஜன்னல் சட்டத்தைக் கழற்றிவிட்டுக் கயிறு கட்டித் தூக்கினார்கள். கீழ்வீட்டுத் தையல்காரர் அளவு நாடாவோடு வந்து நின்று, "உள்ள போகாதும்மா, தோள் அகலம் ஜாஸ்தி" என்றார். எப்படியோ போய்விட்டது. அண்ணா ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து சுருதி சேர்த்தார். நான் வேலை முடிந்து வந்தபோது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலுக்குத் தயாராக நின்றார். "இனிமே பியானோ மேல பழி போட முடியாது உனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது பெரிய செய்தி. ஜூலையில் எங்கள் பாட்டுக்குழுவின் நிகழ்ச்சி இருக்கிறதல்லவா, அதில் கடைசிப் பாட்டில் ஒரு வரியை ஒருவர் மட்டும் தனியாகப் பாட வேண்டும். மற்ற நாற்பது பேரும் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். உச்சஸ்தாயியில் போய் மேல் பஞ்சமத்தில் நிற்கும் வரி. மாஸ்டர் அதை எனக்குக் கொடுத்திருக்கிறார். இத்தனை வருடம் பின்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு. வீட்டுக்கு வரும் வழியில் பேருந்திலேயே அழுதுவிட்டேன்.

ஆனால் வீட்டில் பியானோவோடு பாடிப் பார்த்தால் அந்தப் பஞ்சமம் எட்டமாட்டேன் என்கிறது. ஒரு நூல் கீழேயே நிற்கிறது. அண்ணாவிடம் கேட்கலாம் என்று போன் செய்தால், நான் சொல்லச் சொல்ல "சரி, சரி" என்றார், பிறகு உங்களிடம் கொடுத்துவிட்டார். நான் கேட்டது கேள்வி. கேள்விக்கு "சரி" என்று பதில் வந்தால் என்ன செய்வது? பகல் முழுக்கப் புகார்ப் பிரிவில் ஊராருடைய தொலைபேசிப் புகாரைக் கேட்டுக் காது புண்ணாகிவிட்டது, இனி கடிதம்தான்.

மறந்துவிட்டேன். நிகழ்ச்சிக்கு முன்னால் மண்டபத்துப் பியானோவுக்குச் சுருதி சேர்க்க அண்ணாவை அழைக்கும்படி மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அவரும் சம்மதித்துவிட்டார்.

அண்ணாவுக்கு என் வணக்கம்.
விசில்


பிப்ரவரி 4

அன்புள்ள விசிலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம், என் முதுகும் தன் பங்குக்கு நலம். உன் செய்தியைக் கேட்டு உங்கள் அண்ணா இரண்டு முறை தலையாட்டினார். அவருக்கு அது துள்ளிக் குதித்த மாதிரி. அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தேன். நீ சின்ன வயதில் பாட ஆரம்பித்தால் குக்கர் விசில் என்று நினைத்து அடுப்பை அணைக்க ஓடுவார்களாமே, அந்தப் பெயர்தானே உனக்கு நிலைத்தது.

நீ கேட்டதை அவரிடம் படித்துக் காட்டினேன். பதில்: "சோம்பேறி. காலையில எழுந்து சாதகம் பண்ணச் சொல்லு. எட்டும்." நான் இதில் ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

போனில் இரைச்சல் அதிகம், அதனால்தான் என்னிடம் கொடுத்தார். மனதில் வைத்துக்கொள்ளாதே.

உச்சஸ்தாயி என்றதும் எனக்கு ஒன்று தோன்றியது. அவரைப் பொறுத்தவரை அது பியானோவின் வலது கோடியில் இருக்கிற கடைசிக் கட்டைகள். என்னைப் பொறுத்தவரை அது நான் மூன்றாவது தடவை சாப்பிடக் கூப்பிடும்போது வருகிற குரல். முன்பெல்லாம் அந்தக் குரல் கேட்டால் "உச்சஸ்தாயிக்குப் போயிட்டா, இனி தாங்காது" என்று எழுந்து வருவார். இப்போது நான் எவ்வளவு மேலே போனாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். வயதாக ஆகப் பொறுமை வந்துவிட்டது போல.

வாசல் மணி கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து ஆள் கூப்பிட்டேன். வந்தவன் அழுத்திப் பார்த்து, "நல்லாத்தான் அடிக்குதும்மா" என்று சிரித்துவிட்டுப் போனான்.

மண்டபத்து விஷயம் ஜூலையில்தானே, அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.
உன் அண்ணி


பிப்ரவரி 22

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, மண்டைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. உங்கள் முதுகையும் அண்ணாவையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அண்ணா சொன்னபடி காலையில் எழுந்து சாதகம் செய்தேன். இரண்டு வாரத்தில் பஞ்சமம் எட்டிவிட்டது, பியானோவோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. தையல்காரர்கூட மாடிப்படியில் நிறுத்தி, "இன்னிக்குக் கத்திரிக்கோலே கூசிப்போச்சும்மா" என்றார். பாராட்டா புகாரா தெரியவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன்.

பாடி முடித்ததும் மாஸ்டர் கையை உயர்த்தினார். "நீ ஏறிப் போறேம்மா. பஞ்சமத்தைத் தாண்டிட்டே. கொஞ்சம் இறங்கு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து பியானோவோடு பாடினால் சரியாக இருக்கிறது. அவர் சொன்ன இடத்துக்கு இறங்கினால் வீட்டில் பிசகுகிறது. வீட்டில் சரி, மண்டபத்தில் தப்பு. மண்டபத்தில் சரி, வீட்டில் தப்பு. ஒரே தொண்டை, ஒரே வரி, நடுவில் இரண்டு பேருந்து நிறுத்தம்தான் இருக்கிறது.

உங்களிடம் சொல்ல என்ன, முதல் நாளே எனக்கும் ஒன்று பட்டது. வீட்டுப் பியானோ மேலே போகப் போகக் கொஞ்சம் கூர்மையாக இருக்கிறதோ என்று. அடுத்த நிமிடமே என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். அண்ணா வைத்த சுருதியைச் சந்தேகப்பட நான் யார்? எங்கள் வீட்டில் மின்விசிறி முனகினால்கூட அது என்ன சுருதி என்று அண்ணாதான் சொல்வார், அப்பா உட்பட எல்லாரும் கேட்டுக்கொள்வோம். நான் பாடினால் ஒன்று "ஏறுது" என்பார், இல்லை "இறங்குது" என்பார். "சரி" என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அதனால் தப்பு மண்டபத்துப் பியானோவில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, மாஸ்டரிடமே சொல்லிவிட்டேன். குழுவில் அத்தனை பேர் முன்னாலும். "உங்க பியானோ இறங்கிக் கிடக்கு சார், எங்க அண்ணா வந்து கேட்டா சொல்லிடுவார்" என்று. மாஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அண்ணாவிடம் கேட்டு உடனே எழுதுங்கள். ஒரு பியானோ தானாகக் கீழே இறங்குமா?

விசில்


மார்ச் 17

அன்புள்ள விசிலுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? இங்கே வெயில் ஏறிவிட்டது. திரைச்சீலை எல்லாம் துவைத்துப் போட்டேன். முன்னறைத் திரை சுருங்கி ஜன்னலில் பாதிக்குத்தான் வருகிறது. உங்கள் அண்ணாவின் பழுப்புச் சட்டைக்குப் பொத்தான் மாற்றினேன். இசைப்பள்ளியில் வேலை அதிகம், அங்கே இருபது பியானோ இருக்கிறதல்லவா, வீட்டுக்கு வரும்போது களைத்துப்போய்விடுகிறார்.

போன வாரம் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போயிருந்தோம். என் முதுகுக்குத்தான்.

மண்டபத்துப் பியானோவைப் பற்றி இனிமேல் யாரிடமும் எதுவும் சொல்லாதே. மாஸ்டர் பெரியவர். அவர் இறங்கச் சொன்னால் இறங்கிப் பாடிவிட்டு வா.

வேறொன்றும் விசேஷமில்லை.
உன் அண்ணி


மார்ச் 28

அண்ணிக்கு,

நலமா என்று நீங்கள் கேட்டீர்கள், நலமில்லை. நீங்கள் நலமாக இருங்கள்.

நான் ஒரு கேள்வி கேட்டேன், நீங்கள் திரைச்சீலை சுருங்கியதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். முதுகுக்குக் காது டாக்டரிடம் போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் குழப்பம் போதாதென்று நீங்களும் சேர்ந்துகொண்டீர்கள்.

இங்கே நிலைமை இதுதான். மாஸ்டர் அந்த வரியை வங்கியில் வேலை செய்கிற பெண்ணிடமும் கற்கச் சொல்லிவிட்டார். "ஒரு முன்னெச்சரிக்கைக்குத்தான்" என்றார். அவள் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், கெட்டிக்காரி, நல்ல பெண்ணும்கூட. அதனால் அவளைத் திட்டக்கூட முடியவில்லை.

நான் தொண்டை டாக்டரிடம் போனேன். குழாய் விட்டுப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லம்மா, கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். ஒன்றுமில்லை என்பதைக் கேட்டு யாராவது பயந்துபோவார்களா? நான் பயந்துபோனேன். ஏதாவது இருந்தால் மருந்து இருக்கும். ஒரு வாரம் பேசாமல் இருந்து பார்க்கச் சொன்னார். வேலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருக்கிறேன். தையல்காரர் மட்டும், "மேல ஒரே அமைதி, வேலையே ஓடலை" என்று வந்து விசாரித்தார்.

எனக்கு நாற்பத்து மூன்று ஆகிறது. இந்த வயதில் சிலருக்கு உச்சஸ்தாயி முதலில் போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதுதான் ஆகிறது என்றால் அதையாவது தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணா ஒரே ஒரு நாள் வந்து நான் பாடுவதைக் கேட்கட்டும். போச்சு என்று சொன்னால் போச்சு. வேறு யார் சொல்வதையும் நான் நம்பத் தயாராக இல்லை. அவர் வருவதைப் பற்றி ஏன் பேச்சே இல்லை? நான் பாடப்போகிறேன் என்பதில் அவருக்குச் சந்தோஷமே இல்லையா?

விசில்


ஏப்ரல் 12

என் அன்புள்ள விசிலுக்கு,

இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள். எல்லாரும் நலம், அந்தப் பயம் வேண்டாம்.

உன் தொண்டைக்கு ஒன்றுமில்லை. உன் டாக்டர் சொன்னது உண்மை. மண்டபத்துப் பியானோவுக்கும் ஒன்றுமில்லை. உன் வீட்டுப் பியானோதான் தப்பு. உங்கள் அண்ணாவுக்கு மேல் சுருதி காதில் விழுவதில்லை.

எழுதிவிட்டேன். யாரிடமும் சொல்வதில்லை, முக்கியமாக விசிலிடம் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கியிருந்தார். சத்தியத்தை மீறியதற்கு என்ன ஆகுமோ ஆகட்டும்.

வாசல் மணி கெடவில்லை. குக்கர் விசில் அடித்து அடித்துச் சோறு தீய்ந்தது. நான் பொறுமை வந்துவிட்டது என்று எழுதினேனே, மனதார அப்படித்தான் நம்பினேன், இல்லை, நம்பப் பார்த்தேன். உன் பிப்ரவரிக் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு எல்லாம் சேர்ந்து புரிந்தது. இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் காதில் எதையோ மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கீழ்ச் சுருதிக்கெல்லாம் சட்டுச் சட்டென்று அழுத்தினார். மேலே போகப் போக அவர் கை சும்மா இருந்தது. நான் வெளியே நின்றேன். டாக்டர் கை குமிழைத் திருகுவதும் இவர் கை அசையாமல் இருப்பதும்தான் எனக்குத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே எனக்குக் கையாட்டினார், எல்லாம் முடிந்துவிட்டது, இனி சத்தம் வராது என்று நினைத்துக்கொண்டு.

டாக்டர் என்னிடம் சொன்னார்: "கத்தாதீங்கம்மா. சத்தம் பிரச்சினை இல்லை, உயரம்தான் பிரச்சினை. குரலை இறக்கிப் பேசுங்க." இப்போது நான் ஆம்பளைக் குரலில் பேசிக் குடும்பம் நடத்துகிறேன். கோபம் வந்தால் குரல் தானாக மேலே போகும், மேலே போனால் அவருக்குக் கேட்காது, கேட்காத மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? போனில் உன் குரல் அவருக்குப் பூச்சி ரீங்காரம் மாதிரி போய்விட்டதாம். உன்னிடம் "சரி, சரி" என்று சொன்னது அதனால்தான்.

ஜூலைக் கடைசியில் இசைப்பள்ளி வேலையைப் புதுப்பிக்க வேண்டும். சுருதி சேர்ப்பவருக்குக் காது போய்விட்டது என்று ஒருவருக்குத் தெரிந்தால் போதும், எங்கள் அடுப்பு எரிவது அந்த வேலையில்தான். மண்டபத்துக்கு வந்து அத்தனை பேர் நடுவில் தப்பாகச் சேர்த்துவிட்டால்? அதனால்தான் வரவிடவில்லை. உன் கடிதங்களில் பாதியை அவருக்கு நான் படித்துக் காட்டவே இல்லை. அவர் இன்னும் நீ சோம்பேறி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உன் வரியை விட்டுக்கொடுத்துவிடாதே. திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டு.

உன் அண்ணி


ஏப்ரல் 13

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். போன கடிதத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

நேற்று மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். நான் இரண்டு வாரமாகப் பயிற்சிக்கு வரவில்லையே என்று பார்க்க வந்திருக்கிறார், மனிதர் பாவம், ஆப்பிள் எல்லாம் வாங்கிக்கொண்டு. தேநீர் போட உள்ளே போனேன். அவர் சும்மா பியானோ முன்னால் உட்கார்ந்து கீழிருந்து மேலே ஒரு முறை வாசித்துப் பார்த்தார். நடுவில் நின்றார். மேல் பாதியை மறுபடி வாசித்தார். மறுபடியும். நான் தேநீரோடு வாசலில் நின்றேன்.

"இதுக்கு யாரும்மா சுருதி சேர்த்தது?" என்று கேட்டார்.

"யாருமில்லை சார். வாங்கினபடியே கிடக்கு" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. ஆப்பிள் நன்றாக இருந்தது.

இன்னொன்று. மண்டபத்துக்கு அண்ணா வர வேண்டியதில்லை. அவர்கள் வழக்கமான ஆளையே கூப்பிடுவார்கள் போலிருக்கிறது. அண்ணாவிடம் நானே வேண்டாம் என்றதாகச் சொல்லுங்கள், அலைச்சல் எதற்கு. அந்த வரியையும் வங்கிப் பெண்ணே பாடட்டும் என்று யோசிக்கிறேன். எனக்குப் பின்வரிசை பழகிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசில்


மே 3

அன்புள்ள அண்ணிக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உங்களுடையது எனக்குக் கிடைத்த நேரத்தில் என்னுடைய பொய் உங்களுக்குக் கிடைத்திருக்கும். உங்கள் உடம்பு எப்படி? நான் தூங்கவில்லை, மற்றபடி நலம்.

மாஸ்டர் மேல் கட்டைகளை மறுபடி வாசித்ததுமே தப்பு என் பியானோவில்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. காதில் விழுந்தால் அண்ணாவுக்குச் சுருதி பிசகாது, அப்படியென்றால் அவருக்குக் கேட்கவில்லை என்பதைத் தவிர வேறு வழியில்லை. உங்களுக்குத் தெரியாது என்று நினைத்து மறைத்தேன். நீங்கள் எனக்குத் தெரியாது என்று நினைத்து மறைத்திருக்கிறீர்கள்.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். மூன்று மாதம் என் குரல் செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். பிறகு அந்தக் கண்ணாடி அறையில் அவர் உங்களுக்குக் கையாட்டியதைப் படித்தேன், அதற்குமேல் கோபப்பட முடியவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

என் குரல் பிழைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவதா, அண்ணாவின் காதுக்காக அழுவதா? இரண்டும் ஒரே கடிதத்தில் வந்தால் மனுஷி என்ன செய்வாள்?

ஒன்று மட்டும் சொல்லுங்கள். என்னைக் கெடுத்தது தன் சுருதிதான் என்று அண்ணாவுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் தெரியவே வேண்டாம். நான் பின்வரிசைக்குப் போய்விடுகிறேன். அவர் சோம்பேறி என்றே நினைத்துக்கொள்ளட்டும். இதை மனதார எழுதுகிறேனா என்று கேட்காதீர்கள்.

விசில்


மே 21

அன்புள்ள விசிலுக்கு,

நீ தூங்க ஆரம்பித்தாயா? நான் இங்கே தூங்குகிறேன், அவர் தூங்குவதில்லை.

சொல்லிவிட்டேன். சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து, குரலை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி, உன் கடிதங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தேன். திரைச்சீலையைப் பற்றி நான் எழுதியதையும் சொன்னேன். தொண்டை டாக்டரிடம் நீ போனதைப் படித்தபோது மட்டும், "திரும்பப் படி" என்றார். கேட்கவில்லையோ என்று திரும்பப் படித்தேன். கேட்டிருக்கிறது.

பிறகு எழுந்து போய்த் தன் பியானோவின் வலது கோடியில் உட்கார்ந்து கடைசிக் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். "மரம் தட்டுற சத்தம்தான் வருது. கம்பி இல்லாத மாதிரி. எப்ப இருந்துன்னு தெரியலை. இத்தனை நாள் கைப் பழக்கத்துல சேர்த்திருக்கேன்" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அந்தக் கட்டைகள் எல்லாம் நன்றாகக் கேட்டன, ஆனால் எது சரி, எது தப்பு என்று எனக்குத் தெரியாது. நல்ல காது இருந்து என்ன பிரயோசனம் என்று எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலையில், "மண்டபத்துக்கு வர்றேன்னு அவளுக்கு எழுது" என்றார். வேண்டாம் என்றேன். பள்ளி வேலை போய்விடும் என்றேன். உச்சஸ்தாயிக்குப் போய்க் கத்தினேன், அவருக்குக் கேட்கவில்லை, மறுபடி இறக்கிக் கத்தினேன். "எழுது" என்றார்.

சுருதி சேர்க்கத்தான் வருகிறாரா, உன்னைப் பார்க்க வருகிறாரா, மன்னிப்புக் கேட்க வருகிறாரா, எனக்கே தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை, அதனால் அதை எதிர்பார்க்காதே. நீ பின்வரிசைக்குப் போய்விட்டிருந்தால் மட்டும் அவர் முகத்தில் எப்படி விழிப்பாய் என்று யோசித்துக்கொள்.

வரும்போது அவர் பையில் வெந்நீர்க் குடுவை வைத்து அனுப்புவேன், குடிக்கச் சொல்.
உன் அண்ணி


ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணா சௌக்கியமாக வந்து சேர்ந்திருப்பார். நானும் சௌக்கியம். நிகழ்ச்சி முடிந்து இரண்டு நாளாகியும் கால் தரையில் பாவவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், உங்களுக்கு அவர் எதுவும் சொல்லியிருக்கமாட்டார். ஜூனிலேயே மாஸ்டர் எங்கள் இருவரையும் பியானோ இல்லாமல் வெறும் தொண்டையால் பாட வைத்தார். வரி எனக்கே திரும்பி வந்தது. வங்கிப் பெண் கையைக் குலுக்கி, "எனக்கு அந்த வரின்னாலே பயம் அக்கா, நல்லவேளை" என்றாள்.

அண்ணா நேரே மண்டபத்துக்குத்தான் வந்தார். நாற்காலிகளை இன்னும் பரப்பவில்லை, சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். மாஸ்டர் எதிரே போய் நின்று, வணக்கம்கூடச் சொல்லாமல், "எனக்கு மேல் ஸ்தாயி கேட்காது. இவ வீட்டுப் பியானோவைக் கெடுத்தவன் நான்தான். கீழ்ப் பாதி நான் சேர்ப்பேன். மேல் பாதிக்கு இவ காது, என் கை. சம்மதம்னா பண்றேன், இல்லைன்னா வெந்நீர் குடிச்சுட்டுக் கிளம்பறேன்" என்றார்.

மாஸ்டர் பியானோவின் மேல்மூடியைத் தானே தூக்கிப் பிடித்தார்.

நடுப்பாதி வரைக்கும் பழைய அண்ணாதான். கண்ணை மூடிக்கொண்டு, சுருதிச் சாவியைத் திருகி, உதட்டைப் பிதுக்கி, யாரையும் பக்கத்தில் விடாமல். அதைத் தாண்டியதும் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். கட்டையை அழுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏறியிருக்குண்ணா."

"இப்ப?"

"இன்னும் இறக்குங்க."

"இப்ப?"

நான் சரி என்றால் அதுதான் சரி, சரிபார்க்க மேலே யாருமில்லை. சரி என்றேன், அடுத்த கட்டைக்குப் போனதும் சந்தேகம் வந்து, "இல்லைண்ணா, முன்னதுக்குத் திரும்பப் போங்க" என்றேன். ஒரு பேச்சு பேசாமல் திரும்பப் போனார். எத்தனை தடவை! முன்பானால் நெற்றியில் குட்டியிருப்பார். கடைசிக் கட்டை முடியும்போது சாயங்காலமாகிவிட்டது. "சரியா?" என்று கேட்டார். அந்த வாயிலிருந்து அந்தச் சொல் கேள்வியாக வந்து நான் கேட்டதே இல்லை.

மறுநாள் நிகழ்ச்சிக்குப் போகுமுன் என் வீட்டுப் பியானோவையும் அதேபோல் சேர்த்தோம். கீழிருந்து தையல்காரர், "இன்னிக்குப் பாட்டு இல்லையா, வெறும் டிங் டிங்தானா?" என்று குரல் கொடுத்தார்.

பாடிவிட்டேன் அண்ணி. நாற்பது பேரும் வாயை மூடிக்கொண்டார்கள், நான் திறந்தேன். அண்ணா மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்து, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டிருந்தார். கைதட்டல் வந்தது. மாஸ்டர் தலையாட்டினார். அண்ணா மறுநாள் காலை ரயிலுக்குப் போகும் வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் கேட்கத் துணிச்சல் வரவில்லை. உங்களிடம் ஏதாவது சொன்னாரா?

விசில்


ஜூலை 20

விசிலுக்கு,

நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் அண்ணியிடம் சொல்லி எழுதச் சொன்னால், இதை மட்டும் நான் எழுதமாட்டேன், நீங்களே எழுதுங்கள் என்று பேனாவைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

இசைப்பள்ளியில் போய்ச் சொல்லிவிட்டேன். சுருதி சேர்க்க வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். கம்பளி மாற்றுவது, கம்பியைத் தட்டுகிற சுத்தியலைச் சீராக்குவது, கால்மிதி பழுது பார்ப்பது எல்லாம் என்னிடமே இருக்கட்டும் என்றார்கள். பியானோவுக்குள் காது வேண்டாத வேலையும் நிறைய இருக்கிறது. வருமானம் குறையும், பட்டினி இல்லை. அண்ணி இரண்டு நாள் பேசவில்லை, இப்போது பேசுகிறாள்.

நீ பாடியது கேட்டது. வரி தொடங்கி நடு வரைக்கும் உன் குரலாகவே கேட்டது. மேலே போன பிறகு குரல் எங்கோ அடுத்த அறைக்குள் போய்விட்டது. உன் வாய் திறந்திருந்தது, கழுத்து நரம்பு தெரிந்தது, பக்கத்தில் இருந்தவர்கள் மூச்சுவிடாமல் இருந்தார்கள். அதனால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. ஆனால் எனக்குத் தெரியாது. தெரியாததை நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை, அதனால்தான் அன்று பேசவில்லை. நீ வேறு மாதிரி நினைத்திருப்பாய்.

பஞ்சமம் நின்றதா? நீதான் சொல்ல வேண்டும்.

உன் தொண்டையைக் கெடுத்த மூன்று மாதத்துக்கு நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அண்ணா


ஜூலை 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் இது. நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

பஞ்சமத்தைத் தொட்டேன். தொட்டு நின்றேன். விடும் இடத்தில் ஒரு நூல் இறங்கிப் போய்விட்டது. மூச்சு போதவில்லை, கொஞ்சம் முன்னாலேயே எடுத்திருக்க வேண்டும்.

கைதட்டியவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை. மாஸ்டருக்குத் தெரிந்திருக்கும், என் மனம் நோகக்கூடாது என்று சொல்லவில்லை. அடுத்த நாள் எல்லாரும் பிரமாதம் என்றார்கள், நானும் நன்றி என்றேன். உங்களுக்குக் கேட்டிருந்தால் மேடையை விட்டு இறங்குவதற்குள் சொல்லியிருப்பீர்கள். இறங்குது, என்று.

இறங்கித்தான் போனது அண்ணா. அடுத்த வருடம் இறங்காது.

அன்புடன்,
விசில்